ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஆறு வில்லா: வரைபடம் அழகாக இருக்கிறது, மனம் ஒப்பவில்லை

சவுக்குத்தோப்பு | சூளூர்ப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். வீடு கட்டுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு ஓடுகிறது. அங்கே அம்மா வழியில் எங்களுக்கு வந்த சவுக்குத் தோப்பு இருக்கிறது. இரண்டு ஏக்கர் எண்பது சென்ட். மேற்கே ஏரி, கிழக்கே கடல், வடக்கே முகத்துவாரம். முகத்துவாரத்துக்கு அப்பால் ஆந்திரம். அண்ணனும் நானும் அதை இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அண்ணன் சென்ற ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் வந்த பணத்தைப் போட்டு அங்கே ஆறு வில்லா கட்டி, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்னையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். போன வாரம் வரைபடம் வந்துவிட்டது, இங்கே இணைத்திருக்கிறேன்.

நன்றாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஏரியைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு நீச்சல் குளம். அதன் விளிம்பு ஏரி நீரோடு கலந்துவிட்டதுபோல் தெரியும். ஒவ்வொரு மரத்தடியிலும் மேல்நோக்கிய விளக்கு. கடற்கரை வரை விளக்குக் கம்பம் நட்ட நடைபாதை. கணினியில் வரைந்த படத்தில், குளத்திலிருந்து இருபதடி தள்ளி, அந்தி வெளிச்சத்தில் பூநாரைகள் மேய்கின்றன.

அந்த இருபதடிதான் எனக்கு உறுத்துகிறது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் நாற்பது வருடமாகப் பூநாரைகளைப் பார்க்கிறேன். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாலே கூட்டம் முழுவதும் நீருக்குள் இன்னும் தள்ளிப் போய்விடும். விளக்குப் போட்ட குளத்தருகே அது வந்து நிற்குமா? அண்ணனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டவே கூடாதா, வேறு விதமாகக் கட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்கடம்பு | நாயுடுபேட்டை

நில்லாது, அண்ணா. உங்கள் கண் பார்த்ததுதான் சரி.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்து, சேற்றைக் கலக்கி வடிகட்டித் தின்னும் பறவை. தலை கீழே இருக்கும்போது அதற்குச் சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். எதுவும் மறைந்து வர முடியாத அகலமான, முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும். பழவேற்காடு ஏரி பெரும்பாலான இடங்களில் ஆள் இறங்கி நடக்கும் ஆழமே இருப்பதால்தான் அது இத்தனை தூரம் தேடி வருகிறது. கரையில் ஆறு கட்டடம், ஆள் நடமாட்டம், இசை, வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டால், அந்தக் கரையோரத் தண்ணீர் அதன் கணக்கில் இல்லாமல் போய்விடும். பறவை செத்துவிடாது, விலகிப் போய்விடும். உங்கள் விருந்தினர் எதைப் பார்க்கக் காசு கொடுத்தாரோ அதுதான் முதலில் போகும்.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்குக் கீழே ஓர் ஆறுமணிக்குருவி கிடந்தது. உள்ளங்கையில் எடுத்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. அலகு நுனியில் ஒரே ஒரு சொட்டு ரத்தம். வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்து, விடிகிற நேரத்தில் கண்ணாடியில் தெரிந்த வேப்பமரத்தை நிஜ மரமென்று நம்பி வந்து மோதியிருக்கிறது. கழுத்தைத் தொட்டபோது எலும்பு ஒன்றுக்கொன்று பிடிப்பில்லாமல் உருண்டது. அதற்குப் பிறகு நாங்கள் அந்தச் சுவர் முழுக்க வெளிப்பக்கமாக நான்கு விரல் இடைவெளியில் வெள்ளைக் கோடு போட்டோம்.

ஏரியைப் பார்த்த கண்ணாடியில் ஏரிதான் தெரியும், வானம்தான் தெரியும். வலசைப் பாதையின் நடுவில் அப்படி ஆறு சுவர் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மேஸ்திரி மகன் | தடா

பறவை விஷயம் அக்கா சொல்லிவிட்டார்கள். கட்டட விஷயம் நான் சொல்கிறேன். முப்பது வருடமாக இந்த உப்புக் காற்றில் வேலை செய்கிறேன்.

கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு எதிரி உப்பு. காற்றோடு வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும், கலவை எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. இந்தப் பக்கம் வழக்கமாக வைப்பது 20, 25 மில்லிமீட்டர் கவர் பிளாக். நீங்கள் காட்டியிருக்கும் மெல்லிய சன்ஷேடும் கத்திபோல் நீளும் கூரை விளிம்பும் அந்தக் கவரைத் தாங்கும் கனம் உடையவை அல்ல. ஏழெட்டு வருடத்தில் காரை பெயர்ந்து கம்பி எட்டிப் பார்க்கும். பெரிய கண்ணாடிக்கு வைக்கும் அலுமினியச் சட்டமும் கீலும் அதே கதிதான்.

இன்னொன்று. ராக்கெட் கிளம்பும்போது சூளூர்ப்பேட்டையிலேயே ஜன்னல் அதிர்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் அப்பா சுண்ணாம்பில் வேலை செய்தவர். இந்த ஏரியில் கிடைத்த கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைப்பார்கள். மாடு செக்கைச் சுற்றுவதுபோல் கல் சக்கரத்தைச் சுற்றும். அரைத்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார் அப்பா. நறநறவென்று இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். வெண்ணெய்போல் வழுக்கினால்தான் எடுக்கச் சொல்வார். அந்தப் பூச்சில் கம்பி கிடையாது, அதனால் உப்புக்கு அங்கே துருப்பிடிக்க வைத்து உடைக்க எதுவும் கிடையாது. சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, மேலே சுண்ணாம்புக் கலவை இடித்த மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இந்தக் கரையில் நூறு வருடம் தாண்டி நிற்கின்றன. வேண்டாமென்றால் மங்களூர் ஓடு போடுங்கள். காற்று ஓட்டைத் தூக்கினால் நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

கரைவலை | பழவேற்காடு

நான் மீனவர் குடும்பம். நீங்கள் சொல்லும் தோப்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதன் தெற்கு வேலியை ஒட்டி எங்கள் ஊர்ப் பெண்கள் நண்டுக் கூடையோடு ஏரியிலிருந்து கடற்கரைக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. உங்கள் தாத்தா அதை ஒருநாளும் அடைத்ததில்லை. உங்கள் வரைபடத்தில் அந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்த்தீர்களா?

ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதை நாங்கள் பாடு போட்டுத் தீர்மானிக்கிறோம். முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். எங்களுக்கு அதில் ஒவ்வொரு வளைவுக்கும் பெயரும் முறையும் உண்டு. விருந்தினரை ஏற்றிக்கொண்டு மோட்டார் படகு பாடு போட்ட இடத்துக்கு நடுவே போனால் வலை அறுந்துவிடும். சண்டை வரும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. முன்பே தெரிந்தால் நல்லது.

தண்ணீரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அந்தத் திட்டில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அவ்வளவுதான் இருப்பு. கல்லூரியில் படித்த என் தம்பி ஒரு கணக்குச் சொன்னான்: கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓரடி இறைத்து வற்றவிட்டால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரும். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம் என்று வைத்தாலும் ஒரு குளத்துக்கு 38,000 லிட்டருக்கு மேல். ஆறு குளத்துக்குக் கூட்டிப் பாருங்கள். இரண்டேகால் லட்சம் லிட்டர் தாண்டுகிறது. எங்கள் ஊரில் இன்னும் மணலில் ஊற்றுத் தோண்டித் தேங்காய் ஓட்டால் மொண்டு குடத்தை நிரப்பும் கிழவிகள் இருக்கிறார்கள். உங்கள் போர்வெல் ஓடினால் அந்த ஊற்று உப்புக் கரிக்கும்.

சவுக்குத்தோப்பு | சூளூர்ப்பேட்டை

கரைவலை அண்ணா, பாதையை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. மூன்றாவது வில்லாவின் குளம் அதன் மேல் இருக்கிறது. அம்மா அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போனார். எனக்கே தோன்றவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

இரவுக்காவல் | சத்தியவேடு

எல்லோரும் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். நான் வேறு பக்கத்தைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னோடு இரவு ஷிப்டில் ஏரிக்கரை ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து பேர் வருகிறார்கள். ஏரியில் வரும்படி குறைந்துவிட்டது, முகத்துவாரம் மணலடைத்துப் போகும் வருடங்களில் மீனும் இறாலும் உள்ளே வருவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஊரிலேயே சமையல், படகு, பறவை காட்டும் வேலை கிடைத்தால் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தூங்கிக்கொண்டு வர வேண்டாம். தாத்தா நிலத்தில் ஒருவர் தொழில் செய்யக் கூடாதென்றால், அந்த நிலம் கடைசியில் யார் கைக்குப் போகும்? ஆறு வில்லாவுக்குப் பதில் அறுபது வில்லா கட்டும் வெளியூர்க்காரர் கைக்குத்தான். இந்த அண்ணன் தம்பியாவது கேட்கிறார்கள்.

நீர்க்கடம்பு | நாயுடுபேட்டை

நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊரை ஒட்டிய ஏரியில், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்று ஊரார் சொல்வார்கள். மனிதர் இருந்தால் பறவை வராது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மனிதர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பறவை பார்க்கிறது. ஜனவரியில் சூளூர்ப்பேட்டையில் பட்சுல பண்டுக என்ற பறவைத் திருவிழா நடக்கும்போது எத்தனை ஆயிரம் பேர் வந்து போகிறார்கள்! அவர்களுக்குத் தங்க ஓர் அமைதியான இடம் இல்லை என்பதும் உண்மைதான்.

நெய்யாற்றுக்கரை வாசி | பாறசாலை

நான் கேரள எல்லையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நடந்ததை உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்றொரு தீவு. அங்கே 54 வில்லாவோடு ஓர் ஆடம்பர ரிசார்ட் எழுந்தது. மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். கரையோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிய கட்டடம் என்று 2013இல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு விருந்தினர்கூட நிம்மதியாகத் தங்கித் தொழில் நடக்காமலே அந்த மாளிகைகள் மண்ணாகின. அதே 2020 ஜனவரியில்தான் 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் மரடு அடுக்குமாடிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அனுமதிச் சீட்டு கையில் இருந்ததால் யாரும் தப்பவில்லை. உள்ளாட்சி கொடுத்த அனுமதியே தவறு என்றால் அந்தக் காகிதம் காப்பாற்றாது.

உங்கள் இடமோ இருபுறமும் நீர். கிழக்கே கடலின் உயர் ஓதக் கோடு, அதாவது ஓதம் ஏறித் தொடும் எல்லை; மேற்கே ஏரியின் உயர் ஓதக் கோடு. 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கடற்கரையில் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. கடலாமை முட்டையிடும் கரையும் பறவை கூடு கட்டும் இடமும் இரண்டு அறிவிக்கையிலும் முதல் வகை, அதாவது மிகக் கடுமையான காப்பு. ஏரி 1980லிருந்து தமிழகப் பக்கம் பறவைகள் சரணாலயம் வேறு. ஆகவே வடிவமைப்பாளருக்கு இரண்டாவது தவணை கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சர்வே எண்ணைக் கரையோர மண்டல வரைபடத்தில் குறித்து எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

கட்டலாம் என்று வந்தால், திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுவரே ஜன்னல். செங்கல்லை இடைவிட்டு அடுக்கிய ஜாலி வழியாகக் காற்று நாள் முழுவதும் நடமாடுகிறது. வெளிச்சம் சிறு சிறு கட்டங்களாகத் தரையில் விழும். அங்கே எந்தப் பறவையும் மோதிச் சாகாது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பும் அவருடைய சுவர் முறையில் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது.

பெந்தோட்டைக்காரன் | மட்டக்களப்பு, இப்போது சென்னை

பதினொரு வருடம் இலங்கையின் தென்மேற்குக் கரையில் விடுதி வேலை செய்தவன் நான். வடிவமைப்பாளர் வைத்த வீடு என்றால் கண்ணாடியும் குளமும்தான் என்று இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞரின் லுனுகங்கவைப் பார்த்த பிறகு எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

பெந்தோட்டைக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் கிடந்த ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை அவர் 1948இல் வாங்கினார். 2003இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். லுனுகங்க என்றால் உப்பாறு என்று பொருள். வீடு சிறியது, தாழ்ந்த ஓட்டுக் கூரை. நின்று பார்த்தால் புல்வெளி ஏறி ஒரு குன்றாகிறது. குன்றின் மேல் ஒரு பெரிய மரம், அதனடியில் ஒரு பெரிய சீனச் சாடி, அதற்கும் அப்பால் தொலைவில் ஒரு விகாரையின் வெள்ளைத் தாகபம். நடுவே ஊர்ச் சாலை ஒன்று போகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சாலை பள்ளத்தில் இறங்கிப் போகும்படி நிலத்தை அமைத்திருக்கிறார். ஊர்க்காரரின் வழியை அடைக்கவில்லை! அந்தப் பெண்களின் ஒற்றையடிப் பாதையைப் படித்தபோது எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் உண்டு. சிகிரியாப் பாறையின் அடியிலேயே ஒரு பெரிய விடுதி கட்ட அவரைக் கேட்டார்கள். அந்த இடம் வேண்டாமென்று சொல்லி, பல மைல் தள்ளிக் கண்டலம ஏரிக்கரையில் இடம் தேர்ந்தார். 1994இல் திறந்த அந்த விடுதி இன்று கொடி மூடிய மலைச்சரிவுபோல் கிடக்கிறது; குரங்குகள் அதன் மேல் ஏறி விளையாடுகின்றன. ஏரிக்கு அப்பால், தூரத்தில் சிகிரியா தெரியும். எதைப் பார்க்க வருகிறோமோ அதன் மடியில் போய் உட்காராமல் தள்ளி நின்றார் அந்த மனிதர். அண்ணா, உங்கள் குடும்பத்துக்குச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் வேறு நிலம் இருக்கிறதா?

கரைவலை | பழவேற்காடு

ஆமையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், வந்துவிட்டேன்.

எங்கள் கரையில் ஏறுவது பங்குனி ஆமை. தை மாதமே வரத் தொடங்கிவிடும். இரவில் ஒற்றை ஆமை அலையிலிருந்து ஏறி வரும். பின்காலால் மாறி மாறி மணலை அள்ளிக் குடம்போல் குழி தோண்டும். நூறு நூற்றிருபது முட்டை. தோண்டும்போது ஆளோ வெளிச்சமோ கண்ணில் பட்டால் குழியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிவிடும். முட்டையிடத் தொடங்கிவிட்டால் நகராது, கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருக்கும். உடம்பு உப்பை அப்படி வெளியேற்றுகிறது என்கிறார்கள். எங்கள் பாட்டி அது பிள்ளைகளை விட்டுப் போகும் அழுகை என்பார்.

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வெளியே வரும். ராத்திரியில்தான் வரும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். கடலின் மேல் நட்சத்திர வெளிச்சம் பளபளப்பதால் அது கடல் என்று அதற்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு விருந்து வீட்டில் இரவு முழுவதும் வெள்ளை விளக்கு எரிந்தது. விடியற்காலை நான் வலை எடுக்கப் போனபோது மணலில் விரல் அகலத்துக்குச் சிறு சிறு தடங்கள், நூற்றுக்கணக்கில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி அந்த வேலியை நோக்கிப் போயிருந்தன. வேலிக் கம்பியடியில் காக்கைகள். உயிரோடு இருந்த பதினேழு குஞ்சுகளைக் கைலியில் அள்ளிக்கொண்டு போய் அலையோரம் விட்டேன். மணலில் நான்கடி நடக்கவிட்டுத்தான் விட்டேன். அப்படித்தான் விட வேண்டும் என்று ஆமை காக்கும் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். அது கடலுக்குள் இழுவலையால் வந்த சாவு, அந்தப் பழியில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கரையிலாவது அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. கடற்கரைக்கு விளக்குக் கம்பம் வேண்டவே வேண்டாம்.

மேஸ்திரி மகன் | தடா

விளக்கு பற்றி ஒரு வழி இருக்கிறது. கட்டாயம் வேண்டிய இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கீழே, மேலே மூடிய தொப்பி வைத்து, அடர் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பல்பு போடலாம். வெள்ளையும் நீலமும்தான் ஆமைக் குஞ்சை அதிகம் இழுக்கும். ஜன்னலுக்கு உள்பக்கம் கனமான திரை. தை முதல் சித்திரை வரை கடல் பக்க விளக்கு முழுக்க அணைப்பு. செலவும் குறைவு.

கழிவுநீர் பற்றியும் யோசியுங்கள். மணலில் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் வைத்தால் அது நேராக ஏரிக்குப் போகும், அல்லது கரைவலை சொன்ன ஊற்றுக்குப் போகும். ஆறு வீட்டுக் கழிவை நாணலும் கல்வாழையும் நட்ட கற்படுகை வழியாகச் சுத்தம் செய்து தோப்புக்கே பாய்ச்ச இடம் வேண்டும். வரைபடத்தில் அதற்கென்று ஒரு சென்ட்கூட ஒதுக்கவில்லை.

சவுக்குத்தோப்பு | சூளூர்ப்பேட்டை

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும், அண்ணனோடு பேசுவது எளிதாக இல்லை.

இந்த இழை முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். "ஊரில் யார் யாரோ கட்டுகிறார்கள், நாம் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்" என்றார். நெடியதுருத்துக் கதையில் கொஞ்சம் அடங்கினார். ஆமைக் குஞ்சுத் தடம் பற்றிப் படித்தபோது எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேரும் தோப்பில் தங்கினோம். அம்மா இறந்த பிறகு அங்கே இரவு தங்கியது அதுவே முதல் தடவை. வாடைக்காற்று சவுக்கில் புகுந்து கடல்போலவே இரைந்தது. எது கடல், எது தோப்பு என்று பிரிக்க முடியவில்லை. நாலரை மணிக்கு அண்ணன் என்னை எழுப்பினார். டார்ச்சை அணைக்கச் சொன்னார். ஏரிக்கரை வரை இருட்டிலேயே நடந்தோம். ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதில் விழுந்தது: வாத்துக் கூட்டம் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம், அதற்கு அடியில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கஞ்சி குடிப்பதுபோல் தண்ணீர் உறிஞ்சும் ஒலி. மிக அருகில். வெளுக்க வெளுக்க, சாம்பல் நிறத்தில் தெரிந்தவை மெல்ல இளஞ்சிவப்பாயின. எண்ணவில்லை. கரையிலிருந்து நூறடிகூட இருக்காது. நாங்கள் அசையாமல் நின்றிருந்த வரை அவை மேய்ந்தன. பாதையில் நண்டுக் கூடையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள், பறவைகள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ந்தன. அண்ணன் தன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் திரையை ஒளிரவிட்டார். முன்வரிசை உடனே நகர்ந்தது. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த நேரத்தில் ஆறு குளத்து விளக்கும் எரிந்தால் இங்கே என்ன இருக்கும்?"

இப்போதைக்கு முடிவு இது. வடிவமைப்பாளரிடம் இரண்டாவது தவணையை நிறுத்தியிருக்கிறோம். அவரும் இளைஞர், குறை சொல்ல மாட்டேன், நாங்கள் கேட்டதைத்தான் வரைந்தார். ஒரு இரவு வந்து தங்கச் சொல்லியிருக்கிறோம், வருகிறேன் என்றார். கரையோர மண்டல வரைபடத்துக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். பெந்தோட்டை அண்ணா கேட்டதுபோல் சூளூர்ப்பேட்டையில் அப்பா வழி நிலம் முக்கால் ஏக்கர் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, கிணறு, நான்கு பனை. தங்கும் அறைகளை அங்கே கட்டி, விடிவதற்கு முன் விருந்தினரைக் கரைக்கு அழைத்துப் போவது, தோப்பில் நிழலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை தவிர எதுவும் கட்டாமல் விடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பறவை காட்டும் வேலைக்கு ஏரிக்கரை ஊர்ப் பிள்ளைகளையே வைக்க வேண்டும் என்று இரவுக்காவல் தம்பிக்காகவும் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு இன்னும் ஏரி தெரியும் ஒரு ஜன்னலாவது வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

மேஸ்திரி மகனுக்கு ஒரு கேள்வி. கிளிஞ்சல் சுண்ணாம்பு இப்போது எங்கே சுடுகிறார்கள்? கடுக்காய் போட்டு அரைக்கத் தெரிந்த ஆட்கள் தடா, ஆரம்பாக்கம் பக்கம் யாராவது இருக்கிறார்களா? ஓட்டு வீட்டின் தெற்குச் சுவர் பெயர்ந்து கிடக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம்.

மேஸ்திரி மகன் | தடா

இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுப்பார். கல் சக்கரம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது, அப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் எடுத்து வருகிறேன். சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிடாதீர்கள், நான் வந்து பார்த்த பிறகு கை வைக்கலாம்.

கரைவலை | பழவேற்காடு

ஞாயிறு நானும் வருகிறேன். அண்ணனையும் இருக்கச் சொல்லுங்கள். பாதை விஷயத்தை ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னேன், அவர்களில் இருவர் உங்கள் அம்மாவோடு படித்தவர்கள். கூட வருகிறார்கள்.